தாமிரபரணியில் நாளைக்கு எவ்வளவு தண்ணீர்? கணிக்க நான்கு வழிகள், எதை எடுப்பது?

ஜூன் பிறக்கும்போது அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி பக்கம் டீக்கடையில் பேச்சு ஒன்றுதான்: "பாபநாசத்துல எத்தனை அடி கிடக்கு?" அந்த 143 அடி அணையில் போதிய தண்ணீர் இருந்தால் ஜூனில் தொடங்கும் கார் நெல் சாகுபடிக்குத் திறப்பார்கள். இல்லையென்றால் நாற்றங்கால் வேலையைத் தள்ளிப்போட வேண்டியதுதான். கார் போனால் போகட்டும், அடுத்து வரும் பிசான நெல் இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொள்வார்கள். இரண்டு பருவமழையும் தொடுகிற ஆறு என்பதால் வந்த தைரியம் அது.

அந்தத் தைரியம் இன்னும் முப்பது வருடத்துக்குச் செல்லுமா என்றுதான் இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். பாசன சங்கத்துக்காரர்கள் கேட்கிறார்கள், குடிநீர்த் திட்டம் போடுகிறவர்கள் கேட்கிறார்கள், ஆய்வுக்குத் தலைப்பு தேடும் மாணவர்களும் கேட்கிறார்கள். வெப்பம் கூடினால் ஆற்றின் நீர்வரத்து என்ன ஆகும் என்று கணிக்கப் பல வழிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு வேறு, அது தரும் பதிலும் வேறு. ஆறு மாத அவகாசமும், இரண்டு பேரும், ஒரு சாதாரணக் கணினியும் கையில் இருப்பவர்கள் எந்த வழியை எடுக்கலாம் என்பதைத் தாமிரபரணியை வைத்தே பார்க்கலாம்.

முதலில் ஆற்றைப் பற்றி. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும்வரை இது தமிழ்நாட்டை விட்டு வெளியே போவதில்லை. பக்கத்து மாநிலத்தோடு வழக்கு கிடையாது. ஆனால் கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள் (தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிடும் தாழ்ந்த தடுப்புகள்), அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்கள், அந்தக் கால்வாய்களை நம்பியிருக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட குளங்கள், கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள், தூத்துக்குடி ஆலைகள் என்று அத்தனையும் இந்த ஒரே ஆற்றின் மேல்தான் நிற்கின்றன. மேலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு என்று மூன்று பெரிய அணைகள். பாபநாசமும் மணிமுத்தாறும் ஒவ்வொன்றும் சுமார் 5.5 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) பிடிக்கும்.

இந்த ஆற்றுக்கு ஆண்டு மொத்த மழையை மட்டும் பார்க்கும் எந்த ஆய்வும் உதவாது. காருக்குத் தண்ணீர் தருவது தென்மேற்குப் பருவமழை, பிசானத்துக்கு வடகிழக்கு. பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வருடங்களில் முதலாவது இளைக்கும், இரண்டாவது கொழுக்கும், பெரும்பாலும் அப்படித்தான். 2023-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் தென்மேற்கு மழை சராசரியில் 94 சதவீதம்தான். டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. வருடக் கூட்டலைப் பார்த்தால் "நல்ல மழை வருடம்" என்று வரும். கடைமடையில் வீட்டுக்கூரை மேல் ஏறி நின்றவர்களிடம் போய் அதைச் சொல்ல முடியுமா? ஆகவே எந்த வழியை எடுத்தாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு கணக்கு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு கணக்கு என்று பிரித்துத்தான் செய்ய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழைய பதிவேட்டைப் புரட்டுவது

முதல் வழி எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. இத்தனை வருடமாக அளந்து வைத்த நீர்வரத்தை எடுத்து, அது கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பது. இதற்கு மான்–கெண்டல் சோதனை என்று ஒரு புள்ளியியல் முறை இருக்கிறது. சாதாரண விரிதாளிலேயே போட்டுவிடலாம். முறப்பநாட்டில் மத்திய நீர் ஆணையத்தின் அளவீட்டு நிலையம் இருக்கிறது, கிளையாறான சிற்றாறுக்கு ஏ.பி. புரத்தில் ஒன்று. கங்கை, பிரம்மபுத்திரா போன்ற எல்லை தாண்டும் ஆறுகளின் தரவு எளிதில் கைக்கு வராது. இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

செலவும் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் இதற்குள் இருக்கும் பொறிகளைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

முறப்பநாட்டில் ஓடுவது மலையிலிருந்து இயற்கையாக வந்த தண்ணீர் அல்ல. மேலே மூன்று அணைகளில் தேக்கி, வழியில் உள்ள அணைக்கட்டுகளில் பிரித்து எடுத்ததுபோக மிஞ்சியது. 1958-ல் மணிமுத்தாறு வந்தது, 1980-களில் சேர்வலாறு வந்தது. அந்த வருடங்களில் வரைபடம் சட்டென்று வளைந்தால் அதற்கும் காலநிலைக்கும் சம்பந்தமில்லை. சரி, அணைக்கு வரும் நீர்வரத்தையே எடுத்துக்கொள்ளலாமே என்றால், அதையும் யாரும் வாளி வைத்து அளப்பதில்லை. நீர்மட்டம் எவ்வளவு ஏறியது, எவ்வளவு திறந்துவிட்டோம் என்பதைக் கூட்டிக் கழித்துத்தான் "வரத்து இத்தனை கன அடி" என்று எழுதுவார்கள். 5,500 மில்லியன் கன அடியை 143 அடியால் வகுத்துப் பாருங்கள். சராசரியாகவே ஒரு அடிக்கு 38 மில்லியன் கன அடிக்கு மேல். காற்றில் அலையடிக்கும்போது அளவுகோலை 0.1 அடி தப்பாகப் படித்தால் அன்றைய வரத்தில் வினாடிக்கு நாற்பத்து நாலு கன அடி கூடும் அல்லது குறையும். கோடையில் வரத்தே சில பத்து கன அடிதான். ஒரு நாள் கணக்கில் இப்படிப் பிசகும், மாதக் கணக்கில் அமுங்கிவிடும். அதனால் தினசரி எண்ணை நம்பிக் கோடை வறட்சியைப் பற்றி யாராவது முடிவு சொன்னால் நான் ஒதுங்கிவிடுவேன்.

கீழே அணைக்கட்டுகளில் கதை வேறு. சுவரில் வரைந்திருக்கும் அடிக்கணக்கு அளவுகோலைப் பார்த்து மட்டத்தைக் குறிக்கிறார்கள். அந்த மட்டத்துக்கு இத்தனை கன அடி என்று ஓர் அட்டவணை இருக்கும். ஆற்றின் அடிமட்டம் அப்படியே இருக்கும்வரைதான் அந்த அட்டவணை சரி. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் மேல்பக்கம் மணலும் வண்டலும் எவ்வளவு மேடிட்டுப் போயிருந்தது என்பது ஊரறிந்த விஷயம். ஷட்டரில் நீரில் மிதக்கும் அமலைச்செடி வந்து அடைத்துக்கொண்டால் ஓடும் தண்ணீர் குறைந்தபோதும் மட்டம் மட்டும் உயர்ந்து நிற்கும். பதிவேட்டில் ஏறுவது அந்த மட்டம்தான்.

இன்னொன்று, எந்த வருடத்தில் தொடங்குகிறீர்கள், எதில் முடிக்கிறீர்கள் என்பது. 1992 நவம்பரில் மேலே மலையில் உள்ள காக்காச்சியில் ஒரே நாளில் 96.5 செ.மீ. பெய்தது. 2016-ல் தமிழ்நாட்டின் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் பொய்த்தது. 1992-ல் ஆரம்பித்து 2016-ல் முடித்தால் ஆறு செத்துக்கொண்டிருக்கிறது என்று வரும். 2016-ல் ஆரம்பித்து 2023-ல் முடித்தால் ஆறு செழிக்கிறது என்று வரும். இரண்டையும் நம்ப வேண்டாம். குறைந்தது முப்பது வருடத் தொடர் வேண்டும். அதிலும் ஒவ்வொரு வருடமாகத் தள்ளித் தொடங்கிப் பார்த்தும் முடிவு மாறாமல் இருக்க வேண்டும்.

இத்தனை குறை சொன்னாலும் இந்த வழியைக் கைவிடச் சொல்லவில்லை. இதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல் அடித்தளமாக வைத்துக்கொள்ள வேண்டும். பதிவேட்டோடு ஒரு மாதம் மல்லுக்கட்டாதவர் அடுத்த மூன்று வழிகளில் எதைச் செய்தாலும் அது காற்றில் கட்டிய வீடுதான்.

ஒரு பக்கக் கணக்கு

இரண்டாவது வழிக்குக் கணினிகூட வேண்டாம். பெய்த மழையில் ஒரு பகுதி ஆவியாகிப் போகிறது, மீதி ஓடுகிறது. சோவியத் அறிஞர் மிகயில் புடிகோவின் பெயரால் வழங்கும் வளைகோடு ஒன்று இருக்கிறது. மழையும் வெப்பமும் தெரிந்தால் எவ்வளவு ஆவியாகும், எவ்வளவு ஓடும் என்று நீண்டகாலச் சராசரியை அது சொல்லிவிடும். மழை ஒரு சதவீதம் மாறினால் ஓட்டம் எத்தனை சதவீதம் மாறும் என்பதையும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

கணக்குக்காக இரண்டு இடம் எடுத்துக்கொள்வோம். மலையில் ஆண்டு மழை 3,000 மி.மீ., ஆவியாவது 1,200 என்று வைத்தால் ஓடுவது 1,800. மழை 10 சதவீதம் குறைந்து 2,700 ஆனால் ஆவியாவது பெரிதாகக் குறையாது, ஓடுவது 1,500. குறைவு 17 சதவீதம் வாக்கில். சமவெளியில் மழை 750, ஆவியாவது 650, ஓடுவது வெறும் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே மழை 10 சதவீதம் குறைந்து 675 ஆகி, ஆவியாவது 610-ஆக இறங்கினால் ஓடுவது 65. குறைவு 35 சதவீதம்! மழைக் குறைவு இரண்டு இடத்திலும் ஒன்றுதான், அடி மட்டும் சமவெளிக்கு இரண்டு மடங்கு. ஆஸ்திரேலியாவின் ஆறுகளிலும் ஒரு சதவீத மழை மாற்றத்துக்கு இரண்டு முதல் மூன்றரை சதவீதம் வரை ஓட்டம் மாறுவதைப் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள்.

இந்த ஒரு கணக்கே ஒரு பெரிய விஷயத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பொதிகை மேல் பெய்வதை நம்பியிருக்கும் பெரிய கால்வாய் வயல்களைவிட, தன் ஊரின் மழையை மட்டும் நம்பியிருக்கும் மானாவாரிக் குளங்கள் முன்னால் காய்ந்துபோகும். தாமிரபரணி ஆய்வு என்றாலே எல்லோரும் பாபநாசம் அணைக்கு ஓடுகிறோம். முதல் அடி விழப்போவது அங்கே இல்லை.

குறை என்ன? மாதக் கணக்கு இதில் கிடையாது. காருக்கு வருமா, பிசானத்துக்கு வருமா என்று கேட்டால் இது பதில் சொல்லாது. ஒரு வாரத்தில் ஒரு முதல் மதிப்பீடு வேண்டும் என்கிறவர்களுக்கு மட்டும் இது போதும்.

உலக மாதிரியிலிருந்து ஊர் ஆற்றுக்கு

ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் தென்படுவது மூன்றாவது வழி. உலகக் காலநிலை மாதிரிகள் 2050-க்கும் 2080-க்கும் தரும் மழை, வெப்ப எண்களை எடுத்து, அவற்றின் வழக்கமான பிழையைத் திருத்தி, ஸ்வாட் போன்ற நீரியல் மாதிரிக்குள் (மழையை ஆற்று ஓட்டமாகக் கணக்கிடும் கணினி நிரல்) ஊட்டி, ஆற்றில் எவ்வளவு ஓடும் என்று எடுப்பது. ஸ்வாட் அமெரிக்க வேளாண்மைத் துறையில் உருவானது, இலவசமாகவே கிடைக்கிறது. மண், சரிவு, பயிர், அணை என்று எல்லாவற்றையும் உள்ளே வைக்கலாம். காடு அழிந்தால் என்ன ஆகும், நெல்லுக்குப் பதில் வாழை வந்தால் என்ன ஆகும் என்று கேட்க இதைவிட நல்ல கருவி இல்லை. அதற்கு மட்டும் இதை முழு மனதோடு சொல்வேன்.

ஆனால் காலநிலைக் கேள்விக்கு இங்கே ஒரு பெரிய தடங்கல் இருக்கிறது. உலக மாதிரிகளின் ஒரு கட்டம் சுமார் நூறு கி.மீ. அகலம். தாமிரபரணிப் படுகை முழுவதும் ஒன்று, இரண்டு கட்டத்துக்குள் அடங்கிப்போகும். மலைக்கு மேற்கே கேரளத்தில் பெய்யும் மழையும், கிழக்கே மழை மறைவில் காயும் நிலமும் ஒரே கட்டத்தில் கலந்துவிடும். நாசா இலவசமாகத் தரும் 0.25 பாகைத் தரவில் முப்பத்தைந்து மாதிரிகள் இருக்கின்றன. கட்டம் சுமார் 27 கி.மீ. அது பரவாயில்லை என்று தோன்றும். மாஞ்சோலையிலிருந்து அம்பாசமுத்திரத்துக்குப் பறவை பறக்கும் தூரம் சுமார் இருபது கி.மீ.தான். மேலே வருடத்துக்கு 3,000 மி.மீ.க்கு மேல் கொட்டும் எஸ்டேட்டுகள் இருக்கின்றன; கிழக்கே பாளையங்கோட்டைக்குப் போனால் ஆயிரத்தைத் தொடாது. அந்தச் சரிவை 27 கி.மீ. கட்டம் எப்படிக் காட்டும்? ஊத்து, நாலுமுக்கு, காக்காச்சி என்று தினமும் மழைச் செய்தியில் கேட்கிறோமே, அந்த மூன்று இடங்களும் ஒரே கட்டத்துக்குள் ஒரே எண்ணாக ஆகிவிடும்.

அப்புறம் மாதிரிகளுக்குள்ளேயே ஒற்றுமை கிடையாது. வெப்பம் கூடும் என்பதில் எல்லாமே ஒத்துப்போகின்றன. இந்தத் தென்கோடியில் மழை எவ்வளவு மாறும் என்று கேட்டால் ஒவ்வொன்றும் ஒரு பதில் சொல்லும். இதில் மாணவர்கள் செய்யும் ஒரு தவறைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு மாதிரியை எடுத்துக்கொள்வார்கள், ஸ்வாட்டை நன்றாகச் சரிக்கட்டுவார்கள், நாஷ்–சட்கிளிஃப் மதிப்பு (அளந்த ஓட்டத்தோடு மாதிரி எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு, முழுப் பொருத்தம் 1) 0.8 வந்துவிட்டது என்று மகிழ்வார்கள், 2050-ல் ஓட்டம் 14.3 சதவீதம் குறையும் என்று எழுதுவார்கள். அந்த 0.8 கடந்த காலத்துக்கு நீரியல் மாதிரி பொருந்துகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. எதிர்கால மழை சரியா என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அந்த ".3"-ஐப் பார்த்து ஒரு சங்கம் தன் கார் நிலத்தைக் குறைத்துக்கொண்டால் அதற்கு யார் பொறுப்பு?

கால அவகாசத்தையும் எண்ணிப் பாருங்கள். தரவு சேர்க்க, பிழைத்திருத்த, சரிக்கட்ட என்றே ஆறு மாதமும் ஓடிவிடும். எட்டு அணைக்கட்டையும், ஒன்றன் மறுகால் இன்னொன்றுக்குப் போகும் குளத்தொடரையும் ஸ்வாட்டுக்குள் ஒழுங்காக வைப்பதே தனி வேலை. அதை விட்டுவிட்டால் அது தாமிரபரணியே அல்ல, அதே சரிவுள்ள ஏதோ ஓர் ஆறு.

கடைசியிலிருந்து தொடங்குவது

நான்காவது வழி கேள்வியைத் திருப்பிப் போடுகிறது. காலநிலை எப்படி மாறும் என்று முதலில் கேட்பதில்லை. "எந்த அளவுக்கு மாறினால் நமக்குத் தாங்காது?" என்றுதான் தொடங்குகிறது. ஆங்கில நாடுகளில் 2010-ஐ ஒட்டி இதற்குப் பெயரும் இலக்கணமும் வகுத்தார்கள். நம்மூர் மடைக்காரருக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

முதலில் உடைகிற இடங்களை எழுதிக்கொள்ள வேண்டும். ஜூன் 1 அன்று மூன்று அணைகளிலும் சேர்த்து எவ்வளவு இருந்தால் காருக்குத் திறக்கிறார்கள்? பழைய திறப்பு ஆணைகளைப் பார்த்தால் தெரியும். பிசானத்தில் கதிர் பிடிக்கும் பருவத்தில் எத்தனை நாள் தண்ணீர் வராவிட்டால் பயிர் போகும்? மருதூர் அணைக்கட்டின் மேலக்கால், கீழக்கால் கால்வாய் விவசாயிகளிடம் கேட்டால் வாரக்கணக்கில் சொல்லிவிடுவார்கள். கோடையில் குடிநீர் எடுக்கும் கிணறுகளுக்கு ஆற்றில் எவ்வளவு ஓட வேண்டும்? இந்த மூன்று எண்களும் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

அடுத்தது ஒரு சின்ன நீர்ச்சமன் மாதிரி. மாதத்துக்கு ஒரு கணக்கு. மலை ஒரு பெட்டி, சமவெளி ஒரு பெட்டி, அணைகள் மூன்று. விரிதாளிலேயே செய்துவிடலாம். கடந்த முப்பது வருட மழையை அதற்குள் ஓட்டி, அணை மட்டம் பதிவேட்டோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். அப்புறம்தான் சோதனை. தென்மேற்கு மழையை 5, 10, 15, 20 சதவீதம் என்று குறைத்துப் பார்ப்பது. வடகிழக்கைத் தனியாகக் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது. வெப்பத்தை 1, 2, 3 டிகிரி என்று ஏற்றிப் பார்ப்பது. அதே மொத்த மழையைக் குறைந்த நாட்களில் கொட்ட வைத்துப் பார்ப்பது. இந்த ஒன்றுக்கு மட்டும் தினசரிக் கணக்கு வேண்டும். ஒவ்வொரு சேர்க்கைக்கும் முப்பது வருடத்தில் எத்தனை கார் போனது, எத்தனை பிசானம் போனது என்று எண்ணி ஒரு கட்டப்படமாக வரைந்தால், பச்சை எங்கே முடிந்து சிவப்பு எங்கே ஆரம்பிக்கிறது என்று யாருக்கும் புரியும்.

உலக மாதிரிகள் இங்கே கடைசியில்தான் உள்ளே வரும். முப்பத்தைந்தும் சொல்லும் மாற்றங்களை அந்தப் படத்தின் மேல் புள்ளிகளாக வைத்துப் பார்ப்போம். எத்தனை புள்ளி சிவப்பில் விழுகிறது? ஒன்றிரண்டா, பாதிக்கு மேலா? மாதிரிகளுக்குள் சண்டை இருந்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கை, 1951 முதல் 2015 வரை தென்மேற்குப் பருவமழை நாட்டில் சுமார் 6 சதவீதம் குறைந்ததாகச் சொல்கிறது. குறைவு நன்றாகத் தெரியும் இடங்களில் மேற்குத் தொடர்ச்சி மலையையும் சேர்க்கிறது. அந்த 6-ஐ நம் படத்தில் வைத்தால் கார் பச்சையில் இருக்கிறதா என்று பார்க்கலாம். நாளை இன்னும் நல்ல மாதிரி வந்தால் புள்ளிகளை மட்டும் மாற்றினால் போதும், படம் அப்படியே நிற்கும்.

இதற்கும் குறை உண்டு. உடையும் இடம் எது என்பதில் தலைமடைக்காரரும் கடைமடைக்காரரும் ஒத்துப்போக மாட்டார்கள். ஆலைக்குத் தண்ணீர் கேட்பவர் வேறு எண் சொல்வார். அந்தச் சண்டையை ஆய்வுக்குள்ளேயே சந்திக்க வேண்டிவரும். அதற்கு அஞ்சியே பலர் மூன்றாவது வழிக்குப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம். சண்டையை முன்னாலேயே போட்டுவிடுவது நல்லது என்றுதான் நான் சொல்வேன். வறட்சி வந்து, கால்வாய்த் தலைமதகில் நின்று போடும் சண்டையைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

ஆகவே ஆறு மாதமும் இரண்டு பேரும் இருந்தால் என் தேர்வு நான்காவது வழி. முதல் இரண்டு மாதம் பதிவேட்டுக்கும் விவசாயிகளோடு பேசுவதற்கும், அடுத்த இரண்டு மாதம் சின்ன மாதிரிக்கும் சோதனைக்கும், மீதி உலக மாதிரிப் புள்ளிகளுக்கும் ஊர்க்கூட்டங்களுக்கும். மூன்று வருட நிதியும் ஒரு பல்கலைக்கழகக் குழுவும் இருந்தால் ஸ்வாட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் இந்தப் படத்தை வரைந்த பிறகு.

வெள்ளம் தனி

மேலே சொன்ன எதுவும் வெள்ளத்துக்கு ஆகாது. மாதக் கணக்கில் வெள்ளம் கரைந்துவிடும். வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரம் பிடிக்கும். ஆகவே கொட்டும் மழை இன்னும் கனக்கும் என்பதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அது எங்கே கொட்டும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1992-ல் காக்காச்சி, 2023-ல் காயல்பட்டினம். அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். முன்னது மலையில், அணைகளுக்கு மேல். பின்னது கடலோரத்தில். 2023-ல் ஸ்ரீவைகுண்டத்திலும் திருச்செந்தூரிலும் அறுபது செ.மீ.க்கு மேல் பெய்தபோது, அந்தத் தண்ணீருக்கும் ஊர்களுக்கும் நடுவே எந்த அணையும் இல்லை. உடைய வேண்டிய குளக்கரைகள்தான் இருந்தன. பாபநாசம் நீர்வரத்துப் பதிவேட்டை நூறு வருடத்துக்குப் புரட்டினாலும் அந்த வெள்ளம் அதில் இருக்காது.

அதற்கு வேண்டியது ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே தானாகப் பதியும் மழைமானிகளும், குளக்கரைகளின் மட்டக்கணக்கும். அவை வருவதற்கு நாளாகும். அதுவரை சங்கங்கள் தாங்களே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. ஏரல், ஆழ்வார்திருநகரி பக்கம் 2023 வெள்ளம் நின்ற கறை இன்னும் எந்தச் சுவரில் இருக்கிறதோ, அங்கே போய் வாசற்படியிலிருந்து எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்று டேப் பிடித்து அளந்து, தெருவும் வீட்டுக் கதவெண்ணும் போட்டு நோட்டில் எழுதி, ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கறை அழிந்துபோயிருந்தால் வீட்டுக்காரரையே கைகாட்டச் சொல்லிக் குறியுங்கள். அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் செய்துவிட வேண்டிய வேலை இது.